ஜன்னல் ஓரம், காலி

மீதம் பத்து நிமிடம் என்று சொல்லிவிட்டான் சொக்கன். சொக்கன் என்பது என் லேப்டாப்புக்குள் இருந்துகொண்டு திரையில் உள்ளதை எனக்கு வாசித்துக் காட்டும் குரல், பெயர் நான் வைத்தது, மதுரையில் பிறந்துவிட்டு வேறு என்ன பெயர் வைப்பதாம். பத்து நிமிடத்துக்குள் சீட்டைப் பிடித்து, பெயரும் வயசும் போட்டு, உறுதி செய்து முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கம் தானாக மூடிக்கொண்டு முதலிலிருந்து வா என்று விரட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே கால். அடுப்படியில் பூங்கோதை மதினி குக்கர் மூடியைத் திருகி அழுத்துகிற சத்தம், அண்ணன் கூடத்தில் பேப்பரைப் புரட்டுகிற சத்தம். ஆட்டுக்கறிக்கு மதினி நாலு விசில் விடுவாள், ஒன்று கூடாது, ஒன்று குறையாது. நாலாவது விசிலுக்குள் நான் முடித்தாக வேண்டும், அதற்குப் பிறகு சாப்பிட வா என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வந்து தோளுக்குப் பின்னால் நிற்பாள். ஒரு பஸ் டிக்கெட். ஒரே ஒரு பஸ் டிக்கெட்டை யாருக்கும் தெரியாமல் நானே எடுக்க வேண்டும் என்றுதான் இரண்டு வருஷம் எட்டு மாசம் ஹைகோர்ட்டுக்கு நடந்தேன். தீர்ப்பு வந்து, இந்தப் பக்கத்தைத் திருத்தச் சொல்லி சடுதி டிராவல்ஸ்காரர்களுக்குக் கொடுத்த தொண்ணூறு நாள் கெடு நேற்றோடு முடிந்தது. இன்றைக்குப் பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்திருக்கிறேன். தீர்ப்பு காகிதத்தில் இருக்கிறது, பஸ் ரோட்டில் இருக்கிறது, நடுவில் இந்தப் பக்கம் இருக்கிறது. உள்ளங்கை வேர்க்கிறது, சீ, என்ன இது, பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி.

எங்கிருந்து, போட்டாயிற்று, மதுரை. எங்கே, போட்டாயிற்று. தேதி வருகிற சனிக்கிழமை. இது வரைக்கும் முன்பும் வரும், மை லார்ட். பார்த்தீர்களா, மறுபடியும் மை லார்ட். அந்த விசாரணை நாளிலிருந்து மனசுக்குள் அந்த நீதிபதியிடம் பேசுவதே எனக்கு வழக்கமாகிப் போய்விட்டது, பால் வாங்கப் போனால்கூட மை லார்ட் இன்றைக்குப் பால் தண்ணியாக இருக்கிறது என்று மனுக் கொடுக்கிறேன். முன்பும் ஊர்ப் பெயர் வரைக்கும் வரும், அடுத்து சீட்டுப் படம் வரும், அங்கேதான் செத்தேன். படம் படமாக வைத்திருந்தான்கள், பெயரில்லாத முப்பத்தாறு படம், எது ஜன்னல், எது நடு, எது பெண்களுக்கு, எதில் ஏற்கனவே ஆள் இருக்கிறது, ஒரு வார்த்தை கிடையாது. அதனால் ஒவ்வொரு தடவையும் யாரையாவது கூப்பிட வேண்டும். ஆபீசில் என் பக்கத்து நாற்காலி லூர்துமேரி. நான் அரசு ஆபீஸ் ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர், பத்தொன்பது வருஷ சர்வீஸ், மாவட்டத்தில் எந்த அதிகாரிக்கு எத்தனை மணிக்குக் குரல் கட்டும் என்பதுவரை தெரியும், ஆனால் டிக்கெட்டுக்கு லூர்துமேரி. அவள் இல்லாவிட்டால் மதினி. டிக்கெட் எடுத்துக் கொடுப்பார்கள், சந்தோஷமாக எடுத்துக் கொடுப்பார்கள், கூடவே ஒரு கேள்வி வரும், எதுக்கு திலகா இந்த வாரமும் திருச்சி? மூன்றாவது கேள்விக்குள் லூர்துமேரிக்குத் தெரியும், சாயங்காலம் கேண்டீனுக்குத் தெரியும், ராத்திரி சாப்பாட்டில் அண்ணனுக்குத் தெரியும். கண் இருக்கிறவர்கள் ரகசியமாகப் போகிறார்கள், வருகிறார்கள், பொய் சொல்கிறார்கள், எவ்வளவு சௌகரியம்.

பயமாக இருக்கிறது, மறைப்பானேன். எண்டர் தட்டினால் சீட்டுப் பக்கம். தட்டட்டுமா. முதல் விசில் வந்துவிட்டது, அதற்குள்ளேயா, அடுப்பைப் பெரிதாக வைத்திருக்கிறாள். தட்டு. தட்டிவிட்டேன். சொக்கன் சொன்னான், இருக்கைகள், முப்பத்தாறு, பட்டியல். ஒன்று ஏ, ஜன்னல் ஓரம், பதிவானது. ஒன்று பி, நடைபாதை ஓரம், காலி. இரண்டு ஏ, ஜன்னல் ஓரம், பெண்களுக்கு மட்டும், காலி. என்னடா சொன்னாய், இன்னொரு தடவை சொல். இரண்டு ஏ, ஜன்னல் ஓரம், பெண்களுக்கு மட்டும், காலி. மை லார்ட், பேசுகிறது. படம் பேசுகிறது. கன்னத்தில் ஏதோ ஓடுகிறது, துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் சாவிப்பலகையில். அழுகைதான், அழுதால் என்ன, யார் பார்க்கப்போகிறார்கள். மூன்று ஏ, மூன்று பி, சொல்லு, சொல்லு. முன்பு இந்த இடத்தில் சொக்கனுக்கு வேறு பாட்டே கிடையாது, கிராஃபிக், கிராஃபிக், கிராஃபிக், முப்பத்தாறு தடவை கிராஃபிக், தவளை கத்துகிற மாதிரி. இப்போது ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு பெயர், ஒரு இடம், ஒரு நிலைமை. முப்பத்தாறையும் கேட்டுவிட வேண்டும் என்று ஒரு பேராசை வருகிறது, பிடித்த சீட்டை எடுத்துக்கொண்டு போகாமல் கடையில் உள்ள அத்தனை புடவையையும் பிரிக்கச் சொல்லுகிற பேராசை. மீதம் எட்டு நிமிடம் என்கிறான். இருக்கட்டுமடா, இரண்டு வருஷம் எட்டு மாசம் காத்திருந்தவளுக்கு இரண்டு நிமிஷம் செலவழிக்க உரிமையில்லையா.

அந்தத் தவளைப் பாட்டுதான் கேஸையே ஜெயித்தது. என் வக்கீல் அமலோற்பவம் அதற்கு முன்னால் ஒன்பது தடவை வாதாடியிருந்தாள், சட்டம் சொன்னாள், பிரிவு சொன்னாள், விதி சொன்னாள், எதிர்த்தரப்பு வக்கீல் ஒவ்வொரு தடவையும் வாய்தா வாங்கினார். அவர் கெட்டவர் இல்லை, இருமல் மிட்டாய் காகிதத்தைப் பிரிக்கிற சத்தத்தோடுதான் எழுந்து நிற்பார், நிதானமான குரல், அந்த நிதானம்தான் எனக்கு எரிச்சல். எங்கள் வாடிக்கையாளர் சேவை இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, போன் செய்தால் நாங்களே சீட்டுப் போட்டுக் கொடுக்கிறோம், இதில் என்ன கஷ்டம் என்பார். பத்தாவது தடவை நீதிபதி, எல்லாம் சரி, என்னதான் நடக்கிறது என்று நான் கேட்டுப் பார்க்கிறேன், அந்த அம்மாவையே செய்து காட்டச் சொல்லுங்கள் என்றார். அமலோற்பவம் என் காதில், "திலகா, நீ ஒண்ணும் பேசாத, உன் லேப்டாப்பப் பேச விடு" என்றாள். மேசையில் வைத்துத் திறந்து என் பாட்டுக்குத் தட்ட ஆரம்பித்துவிட்டேன், ஊர் போட்டேன், தேதி போட்டேன், சொக்கன் சொல்லச் சொல்ல விரல் பறக்கிறது, நன்றாகத்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், மிட்டாய்க் காகிதம் பிரிந்தது. "மை லார்ட், குறுக்கிடறதுக்கு மன்னிக்கணும். அந்த லேப்டாப் ஆன் ஆகவே இல்ல. ஸ்க்ரீன் கறுப்பா இருக்கு, சத்தமும் இல்ல. அந்த அம்மா சும்மா தட்டிட்டிருக்காங்க." பின்னால் யாரோ சிரித்தார்கள். ஐயோ, அந்த இரண்டு நொடி. லேப்டாப் செத்துவிட்டதா, அப்படியானால் என் காதில் பேசுவது யார், எனக்குப் புத்தி கித்தி பிசகிவிட்டதா. பிறகுதான் உறைத்தது. பதினோரு வருஷமாக என் திரையின் வெளிச்சத்தை முழுக்க அணைத்துத்தான் வைத்திருக்கிறேன், பேட்டரி கூடுதலாக ஒரு மணி நேரம் நிற்கும், எனக்கு எதற்கு வெளிச்சம். இயர்போனையும் பழக்கத்தில் மாட்டிக்கொண்டுவிட்டேன். கோர்ட்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு இருட்டுப் பெட்டியையும் அதைத் தட்டிக்கொண்டிருக்கும் ஒரு பொம்பளையையும்தான். அடுத்தவர்களுக்கு வெளிச்சம் தேவைப்படும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது, மை லார்ட், அவர்களுக்கு என்னை மறந்துபோன மாதிரியே.

இரண்டாவது விசில். ஏழு வந்துவிட்டது. ஏழு ஏ, ஜன்னல் ஓரம், பெண்களுக்கு மட்டும், காலி. இதுதான் என் சீட்டு, சக்கரத்துக்கு மேலே இருக்காது, கடைசியில் தூக்கிப் போடாது. ஸ்பேஸ் தட்டினேன். ஏழு ஏ, தேர்ந்தெடுக்கப்பட்டது. என் சீட்டு. அன்றைக்கு இயர்போனைப் பிடுங்கினேன் பாருங்கள், சொக்கன் தன் வழக்கமான வேகத்தில் கோர்ட்டுக்குள் பாய்ந்தான், நான் வைத்திருப்பது சாதாரணக் காதுக்கு எட்டாத வேகம். நீதிபதி கேட்டார், "என்னம்மா, இது என்ன பாஷை?" "இங்கிலீஷ்தான் மை லார்ட், கொஞ்சம் வேகமா வச்சிருக்கேன்." "இதுவா உங்களுக்குப் புரியுது?" "பழக்கந்தான் மை லார்ட்." வேகத்தைக் குறைத்தேன், திரை வெளிச்சத்தையும் ஏற்றினேன், சீட்டுப் பக்கத்துக்குப் போனேன். கிராஃபிக், கிராஃபிக், கிராஃபிக். முதல் ஐந்தாறுக்குச் சிரித்தார்கள். பத்துக்கு மேல் சிரிப்பு இல்லை. நான் நிறுத்தவில்லை, அமலோற்பவமும் நிறுத்தச் சொல்லவில்லை, நீதிபதியும் சொல்லவில்லை. முப்பத்தாறும் போய்ச் சேர்ந்தபோது மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. நீதிபதி எதிர்த்தரப்பு வக்கீலைக் கேட்டார், "இப்ப கேட்டீங்களே, இதுல ஜன்னல் சீட் எத்தனாவது?" அவர் மிட்டாயை ஒரு பக்கக் கன்னத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளினார், எனக்குக் கேட்டது. "மை லார்ட், தப்பா நினைக்கக் கூடாது, பார்வை இல்லாதவங்களுக்கு ஜன்னல் சீட்டுதான் வேணுங்கிறது..." என்று இழுத்தார். பேசாதே என்று சொல்லப்பட்டவள் யாரும் கேட்காமலே பேசிவிட்டேன். "காத்து எனக்குந்தானே சார் அடிக்கிது." திண்டுக்கல்லுக்கு முன்னால் தோல் கிடங்கு வாடை, மணப்பாறையில் முறுக்கு வேகிற எண்ணெய், காவிரி நெருங்கினால் காற்றில் ஒரு ஈரம், எத்தனை ஊர் பார்த்திருப்பேன் அந்த ஜன்னலில் என்று அவருக்கு என்ன தெரியும்.

திருச்சி. வேண்டாம் என்று தள்ளினாலும் மனசு அங்கேயே போய் முட்டுகிறது. பயணியின் பெயர், திலகவதி. வயது, நாற்பத்துமூன்று. பாலினம், பெண். அப்போது முப்பத்தொன்பது. தனசேகர் திருச்சி ஆபீசில் கிளார்க், லைன் கொடுக்கச் சொல்லிக் கேட்கிற குரலிலேயே ஒரு தயக்கம் இருக்கும், லைன் கொடுத்த பிறகும் நன்றி சொல்வதற்காக மறுபடி கூப்பிடுவார். ஒரு வருஷம் குரல்தான். பிறகு மூன்று சனிக்கிழமை போனேன், ஓட்டலில் காப்பி குடித்தோம், மலைக்கோட்டைப் பக்கம் நடந்தோம், படி வருகிறது என்று சொல்லாமல் என் நடையைப் பார்த்துத் தன் நடையை மெதுவாக்கிக்கொள்ளத் தெரிந்த ஒரே ஆள். நாலாவது டிக்கெட் மதினி எடுத்தாள். மதினி அண்ணனிடம் சொன்னாள், அண்ணன் அவருக்குப் போன் போட்டு, "எங்க தங்கச்சி விஷயத்துல உங்க எண்ணம் என்ன?" என்று கேட்டுவிட்டான். நல்ல எண்ணத்தில்தான் கேட்டான். அவருக்கே இன்னும் தெரியாது, எனக்கே தெரியாது, முளைக்கிறதா இல்லையா என்று மண்ணைத் தோண்டிப் பார்த்துவிட்டார்கள். அவர் பயந்துவிட்டார், லைன் கேட்பதையே நிறுத்திவிட்டார். அவர் நல்லவரா, எனக்கு ஏற்றவரா, ஆறு மாசத்தில் எனக்கே சலித்துப்போயிருக்குமா, எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளும் அவகாசத்தைத்தான் பறித்துக்கொண்டார்கள், அதற்குத்தான் எனக்கு அத்தனை கோபம், ஆளைப் பறிகொடுத்ததற்குக்கூட இல்லை. தலையணையில் முகத்தை வைத்து அழுத ஒரு ராத்திரிக்குப் பிறகு அமலோற்பவத்துக்குப் போன் போட்டேன், அவள் கேட்டாள், யார் மேல கேஸ் போடணும், உங்க அண்ணன் மேலயா? இல்லை, அந்தப் படங்களின் மேல் என்றேன்.

மீதம் நாலு நிமிடம். உறுதி செய்வதற்கு முன் ஒரு சோதனை, நீங்கள் மனிதர்தானா. இதோ, இங்கேதான் காலை வாருவான்கள், முன்பு வளைந்து நெளிந்த எழுத்தைக் காட்டிப் படி என்பார்கள், கண் இல்லாதவர்கள் மனிதர் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிற சோதனை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன். ஏழுடன் நாலைக் கூட்டினால் எவ்வளவு. அட. அடப் பாவிகளா, இவ்வளவுதானா, இதைச் செய்யவா கோர்ட்டில் காலக்கெடு கேட்டுக் கெஞ்சினீர்கள். பதினொன்று. சரியான விடை. மூன்றாவது விசில். உங்கள் கைப்பேசிக்கு ஆறு இலக்க ரகசிய எண் அனுப்பப்பட்டுள்ளது. கைப்பேசி. மேசையில் தடவுகிறேன், இல்லை. கட்டிலில் இல்லை. ஐயோ, சார்ஜுக்குப் போட்டது அடுப்படியில், மிக்சி பக்கத்துப் பிளக்கில். அதில் வருகிற மெசேஜில் ஊர்ப் பெயரும் இருக்குமே, எல்லாவற்றையும் யோசித்தேன், இதை யோசிக்கவில்லையே, பாழாய்ப்போன புத்தி. டிங் என்று சத்தம் கேட்டது அங்கே. "திலகா, மெசேஜ் வந்துருக்கு, ஏதோ நம்பரு, படிக்கட்டுமா?" மதினியின் குரலில் அந்த ஆர்வம், மூன்று வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே ஆர்வம். "வேணாம் மதினி! தொடாதீங்க!" நான் கத்தியது எனக்கே புதுசாக இருந்தது, கூடத்தில் பேப்பர் சத்தம் நின்றது. எழுந்தேன், என் அறையிலிருந்து அடுப்படிக்குப் பதினாலு எட்டு, இருபது வருஷமாக எண்ணி வைத்தது, ஒன்பதாவதில் அண்ணன் கால் நீட்டியிருந்தான், தடுக்கி விழப் பார்த்து சுவரைப் பிடித்தேன். "என்னத்தா, மெதுவாப் போ, என்ன அவசரம்?" பதில் சொல்ல நேரமில்லை. பின்னால் அறையிலிருந்து சொக்கன் கத்துகிறான், மீதம் இரண்டு நிமிடம்.

மதினியின் கை மிளகாய்ப்பொடி வாசனையோடு போனை நீட்டியது. "நாந் தொடவே இல்லத்தா, நீ சொன்ன உடனே விட்டுட்டேன்" என்றாள், முகம் எப்படி இருந்ததோ, குரல் அடிபட்டிருந்தது. பாவம், என்னைக் கையைப் பிடித்து இந்த வீட்டைச் சுற்றிக் காட்டியவள் அவள்தான், எத்தனை ஆஸ்பத்திரி வரிசையில் நின்றிருக்கிறாள் எனக்காக. "தெரியும் மதினி, அப்பறம் சொல்றேன்" என்றேன், சொல்லப்போவதில்லை என்று தெரிந்தே சொன்னேன். பதினாலு எட்டு திரும்பி. போனைக் காதோடு அழுத்தி எண்ணைக் கேட்டேன், டெலிபோன் ஆபரேட்டருக்கு ஒரு எண்ணை இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை. மூன்று, எட்டு, எட்டு, பூஜ்யம், ஐந்து, ஒன்று. மீதம் ஒரு நிமிடம். உறுதி செய், பொத்தான். பொத்தானுக்குப் பெயர் இருக்கிறது, மை லார்ட், உறுதி செய் என்று அழகாகப் பெயர் இருக்கிறது. தட்டினேன். ஒன்றும் இல்லை. சொக்கா. டேய் சொக்கா. தீர்ப்பில் நீங்கள் எழுதியதை மனப்பாடமாக வைத்திருக்கிறேன், ஒரு பிரஜை எங்கே போகிறார் என்பதைப் பிறரிடம் சொல்லாமல் இருக்கும் சுதந்திரமும் அவருடைய பயணத்தின் பகுதியே, அமலோற்பவம் போனில் வாசித்ததைப் பதிவு செய்து பஸ் ஸ்டாப்பில் நின்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன், அந்த வரி இந்தக் கணத்தில் நிஜமாகிறதா பொய்யாகிறதா. நாலாவது விசில் ஊதியது. அந்த விசிலுக்குள்ளேதான் சொக்கனும் பேசினான், பாதி அமுங்கிவிட்டது, அம்பு விசையைத் தட்டி மறுபடி கேட்டேன். பதிவு உறுதியானது. இருக்கை ஏழு ஏ, ஜன்னல் ஓரம். பயணம் இனிதாகட்டும்.

ஆகும்டா, ஆகும். ஜெயித்துவிட்டேன். கோர்ட்டில் ஜெயித்தபோது அமலோற்பவம் கட்டிப்பிடித்தாள், பத்திரிகைக்காரர்கள் எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டார்கள், எனக்கு ஒன்றுமே உணரத் தோன்றவில்லை, இப்போதுதான் உணர்கிறேன், நாற்காலியில் உட்கார முடியவில்லை, எழுந்து அறைக்குள்ளேயே நாலு எட்டு அங்கிட்டு, நாலு எட்டு இங்கிட்டு. சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு ஏழு ஏ-யில் நான். இந்த மாநிலத்தில் இன்றைக்கு எத்தனை பேர் இதே மாதிரி தனியாக உட்கார்ந்து ஏழு ஏ, எட்டு ஏ என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ, யார் யார் எங்கெங்கே போகிறார்களோ, எனக்குத் தெரிய வேண்டியதில்லை, நன்றாகப் போய் வரட்டும். குழம்பு வாசனை அறை வரைக்கும் வந்துவிட்டது, பசிக்கிறது. கதவருகே இரண்டு ஜோடிக் கால், அண்ணனுடையதும் மதினியுடையதும். "டிக்கெட் எடுத்துட்டியா? நீயேவா?" என்றான் அண்ணன், சந்தோஷத்தில் குரல் தழுதழுத்தது, நிஜமான சந்தோஷம், இரண்டு வருஷமாகக் கோர்ட்டுக்கு என்னை ஏற்றிப்போன ஸ்கூட்டர் அவனுடையது. "நானேதான்." "அடி சக்கை! எந்த ஊருக்குத்தா?" மதினி மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது எனக்குக் கேட்டது. லேப்டாப்பை மூடினேன். "ஊருக்குண்ணே" என்றேன். "அதான், எந்த ஊருக்கு?" "கறி ஆறிரப் போகுது, வாங்க சாப்பிடலாம்." அவன் சிரித்தான், சங்கடமாக ஆரம்பித்து நிஜமாக முடிந்த சிரிப்பு, "சரித்தா, பத்திரமாப் போயிட்டு வா" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தான். திருச்சியாக இருக்கும் என்று நினைத்திருப்பான், நினைத்துக்கொள்ளட்டும். நீங்களும் அப்படித்தானே நினைக்கிறீர்கள், மை லார்ட், ஆசனத்திலிருந்து கொஞ்சம் முன்னால் சாய்ந்து, எந்த ஊரம்மா என்று உங்களுக்கும் கேட்கத் தோன்றுகிறது, எனக்குத் தெரியும். மன்னிக்கணும், உங்களுக்கும் சொல்வதாக இல்லை. உங்கள் தீர்ப்புப்படிதான்.